பெண் பார்க்கப் போன வீட்டில் ஆறு கொலை

நான் பேய்ப் படங்களுக்கு மார்க் போட ஆரம்பித்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். அதற்கு முன்பு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நூலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். நூலைக் கறுப்புப் பலகையில் சுற்றி, வெளிச்சத்தில் நிறுத்தி, மெலிந்த இடம் எத்தனை, தடித்த இடம் எத்தனை, முடிச்சு எத்தனை என்று எண்ணிச் சொல்வது என் வேலை. எங்கள் பிரிவில் யாரும் ‘நூல் அருமையாக இருக்கிறது’ என்று ஒருநாளும் எழுதியதில்லை. குறையை மட்டும்தான் எழுதுவோம். இப்படியே பழகிய ஒருவனைக் கொண்டுவந்து வீட்டில் உட்கார வைத்தால் அவன் எதையாவது எண்ணத்தான் செய்வான். முதலில் தெருவில் போகிற தண்ணீர் லாரிகளை எண்ணினேன். பிறகு மனைவி சாம்பாரில் போடுகிற முருங்கைக்காய்த் துண்டுகளை எண்ணினேன். அதன் பிறகுதான், குடும்ப அமைதியை உத்தேசித்து, என் மகன் என்னைப் பேய்களிடம் ஒப்படைத்தான்.

மகனுக்குக் கணினி வேலை. கொரோனா காலத்தில் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்தவன், கம்பெனி திரும்பக் கூப்பிடாததால் எங்கள் வீட்டு மாடி அறையிலேயே நிலைத்துவிட்டான். அவனுடைய கம்பெனியின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை. பூசணிக்காயைக் குடைந்து, கண் மூக்கு வெட்டி, உள்ளே விளக்கு வைக்கிறார்கள். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நாம் ஆயுத பூஜைக்குப் பூசணிக்காயைக் குடைந்து, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, நடுரோட்டில் உடைத்து, இரண்டு ஸ்கூட்டர்காரர்களை வழுக்கி விழவைக்கிறோம். அமெரிக்கக்காரன் எவ்வளவோ மேல்.

அந்தப் பண்டிகையை ஒட்டி கம்பெனியில் ஒரு போட்டி வைத்தார்கள். அக்டோபர் மாதம் முழுவதும் பேய்ப் படங்களாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் பற்றி நாலு வரி எழுத வேண்டும். என் மகனுக்குப் பேய் என்றால் பயம். சாதாரண பயம் இல்லை. விளம்பரத்தில் பேய் வந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவான்.

“அப்பா, சும்மாதான இருக்கீங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல எழுதிக்கிடுதேன்” என்றான்.

சும்மா இருக்கிறேன் என்று அவன் சொன்னதற்கு நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முதல் படத்தைப் பார்த்தேன். அந்த வருடம் பரிசு அவனுக்குத்தான். மண்டையோடு வரைந்த ஒரு காபிக் கோப்பை. என் மனைவி அதில் கல்லுப்பு போட்டு வைத்திருக்கிறாள்.

அடுத்த வருடம் மகனுக்கு ஒரு யோசனை வந்தது. நான் பேசுவதையே பதிவு செய்து, இருட்டில் ஒரு ஜன்னல் தெரிகிற படத்தைப் பின்னால் ஒட்டி, இணையத்தில் ஒரு சேனலாகப் போட்டான். முகம் கிடையாது, பெயர் கிடையாது. குரல் மட்டும்தான். கேட்கிறவர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். இத்தனைக்கும் எனக்கு நல்ல குரல் இல்லை. ஆலைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, எண்ணெய் போடாத கிணற்றுச் சகடை மாதிரி ஆகிவிட்ட தொண்டை.

நான் படம் பார்க்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் பேய்ப் படத்தை ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். அது படத்துக்குச் செய்யும் சலுகை. இருட்டில் கொடியில் தொங்கும் வேட்டியைப் பார்த்தாலும்தான் பயம் வரும். நான் மதியம் இரண்டு மணிக்கு, ரசம் சாதம் செரித்துக்கொண்டிருக்கும்போது, ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துப் பார்ப்பேன். அந்த வெளிச்சத்தில் ஒரு பேய் என்னைப் பயமுறுத்தினால் அதற்கு மரியாதை உண்டு. இரண்டு வருடத்தில் அப்படி மரியாதைக்குரிய பேய்கள் நான்கு.

மதியம் பார்ப்பதற்கு இன்னொரு காரணம் என் மனைவி. அக்டோபரில் பாதி புரட்டாசி. புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு உரியது, அன்றைக்குப் பேய் கூடாது. வெள்ளிக்கிழமை கூடாது. அமாவாசை கூடாது. நவராத்திரி ஒன்பது நாளும் கூடாது. மற்ற நாட்களிலும் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பேய் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும்.

“பெருமாள் வாரதா, பேய் வாரதா? ஒரே வாசல்ல ரெண்டையும் எப்படி விட முடியும்?” என்பாள்.

ஆகவே கிடைத்த நாட்களில் ஒரு நாளைக்கு இரண்டு படம் வீதம் பார்த்து ஈடுகட்டினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் பார்ப்பாள்.

இத்தனை படங்களில் நான் கண்டது இதுதான். வெளிநாட்டில் ஒரு குடும்பம் பெரிய வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கும். ஏன் இவ்வளவு மலிவு என்று ஒருவனும் கேட்கமாட்டான். எங்கள் ஊரில் அது நடக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே டீக்கடையில் நான்கு பேர் வந்து, அந்த வீட்டில் யார் எந்த விட்டத்தில் தொங்கினார் என்று அளந்து காட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம் கதவு. எந்தப் படத்திலும் கதவு கிறீச்சிடாமல் இருந்ததில்லை. இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயில் தீருகிற சமாசாரத்துக்கு ஒரு குடும்பமே சாகிறது. துணி சுற்றிய பிணம் நடந்துவரும் படம் ஒன்று பார்த்தேன். எங்கள் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற காயக்கட்டுத் துணியைப் பார்த்தவன் நான். அந்தப் பிணத்தின் மேல் இருந்தது அவ்வளவு நெருக்கமான இழை. காயத்துக்குக் கட்டினால் சீழ்தான் பிடிக்கும். தமிழ்ப் படம் என்றால் வேறு சங்கடம். பேய் வந்து கழுத்தைப் பிடித்தவுடன் அதன் முன்கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அதில் அது கல்லூரிக்குப் போய், காதலித்து, இரண்டு பாட்டுப் பாடி, ஒரு பண்ணையாரிடம் மாட்டிச் செத்து முடிப்பதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவேன்.

ஆலையில் என்னோடு வேலை பார்த்த கத்தோலிக்க நண்பர் ஒருவர் ஒரு நாள் கூட உட்கார்ந்து பார்த்தார். “பாத்தீரா? வெளிநாட்டுப் பேய் பூராவும் எங்க சாமியார் வந்தாத்தான்யா ஓடுது. ஒங்க ஆளுக எலுமிச்சம்பழத்தை வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் உருட்டுதாக!” என்றார். என்னிடம் கணக்கு இருந்தது. பேய் ஓட்ட வந்த சாமியார்களில் படம் முடிவதற்குள் செத்தவர்கள் பதினொரு பேர். எலுமிச்சம்பழக்காரர்களில் மூன்று பேர்தான். சொன்னேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

இப்படியாக மூன்றாவது அக்டோபரின் தொடக்கத்தில் ஒரு குறும்படம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. நம்ம ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எடுத்தது, மம்சாபுரம் போகும் வழியில் ஒரு மாந்தோப்பில் எடுத்தது, எல்லோரும் பார்த்து ஆதரவு தாருங்கள் என்று செல்போனில் எல்லாக் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு நிமிடப் படம். வெள்ளைச் சேலை, பாதி முகத்தை மறைக்கிற கூந்தல் என்று ஒரு பேய். நான் பத்துக்கு இரண்டு மார்க் போட்டேன்.

என்ன பேசினேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேயின் சேலை பாலியெஸ்டர், அதிலும் இஸ்திரி மடிப்பு தெரிகிறது என்றேன். செத்துக் கிடக்கிற காட்சியில் பேய் எச்சில் விழுங்குகிறது என்றேன். அது மாமரங்களுக்கு நடுவில் நடந்து வருகிற காட்சியைப் பற்றி, “இந்தப் பேய் பழிவாங்கப் போவதாகத் தெரியவில்லை. ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிடும் என்று போகிற மாதிரி இருக்கிறது” என்றேன். படத்தைப் பார்த்தவர்களைவிட இதைக் கேட்டவர்கள் அதிகம். சுந்தரபாண்டியத்தில் உர மூட்டை வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் இதைப் போட்டுக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி முடிகிற சமயத்தில் தரகர் ஒரு ஜாதகமும் போட்டோவும் கொண்டுவந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். படித்திருக்கிறாள், தனியார் வங்கி ஒன்றில் வேலை. பத்துப் பொருத்தத்தில் ஒன்பது இருந்தது.

இந்த இடத்தில் என் மகனின் நிலைமையைச் சொல்ல வேண்டும். அவனுக்கு முப்பத்துநான்கு வயது. பதினான்கு இடம் தட்டிப் போயிருந்தது. பெண் வீட்டார் வரும்போதெல்லாம் பகலில் வீட்டில் இருப்பான். “மாப்பிள்ளை வேலைக்குப் போகலையா?” என்பார்கள். வீட்டிலிருந்தே வேலை என்றால் ஒரு மாதிரியாகத் தலையாட்டுவார்கள். என் மனைவி எல்லாக் கோயில்களுக்கும் நேர்ந்துவிட்டாள். இந்த இடமும் போனால் தை மாதமும் போகும், அப்புறம் முப்பத்தைந்து ஆகிவிடும், அதற்கப்புறம் யாரும் ஜாதகமே கொடுக்கமாட்டார்கள் என்று ராத்திரியில் உட்கார்ந்து அழுவாள். அவனும் வாய்விட்டு ஒன்றும் சொல்லமாட்டான். ஆனால் இந்தப் பெண்ணின் போட்டோவை மட்டும் அவன் மாடிக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. முதல் பதினான்கையும் தந்திருக்கிறான்.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டோம். வெள்ளிக்கிழமை மனைவி அந்தப் போட்டோவைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “இந்தப் பிள்ளையை நான் எங்கயோ பாத்திருக்கேன்” என்றாள். கோயிலில் பார்த்திருப்பாய் என்றேன். அவள் தன் கையை எடுத்துப் போட்டோவில் இருந்த பெண்ணின் பாதி முகத்தை மறைத்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“என்னங்க... இது ஒங்க பாமாயிலு.”

மகன் ஓடிவந்தான். அவன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, பேச்சைப் பதிவேற்றியது மட்டும்தான். விஷயம் தெரிந்ததும் அவசரமாக அதை அழித்தான். அழித்து என்ன பயன்? அதற்குள் அது மாவட்டத்தில் பாதிப் பேர் போனில் தனியாகக் குடியேறியிருந்தது.

“மொகம் தெரியாதுல்ல? பேரும் தெரியாது. கொரல்தான தெரியும்? நீங்க அங்க வாயைத் தெறக்கப்படாது. அம்புட்டுத்தான்” என்றாள் மனைவி.

நான் வராமல் இருந்துவிடுகிறேன் என்றேன். அப்பா இல்லாமல் பெண் பார்க்கப் போனால் குடும்பத்தில் ஏதோ தகராறு என்று நினைப்பார்களாம். ஆகவே தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்வதாக முடிவாயிற்று. அதற்குச் சாட்சியாக என் கழுத்தில் ஒரு மப்ளரைச் சுற்றினாள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால் கார் டிரைவரையும் ஆளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். வழிநெடுக மனைவி பின்சீட்டிலிருந்து, “சும்மா தலையை ஆட்டுங்க. போதும். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தலையை ஆட்டினேன். “இப்ப இல்ல, அங்க போயி” என்றாள்.

ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அவர்கள் வீடு. பெண்ணின் அப்பா சாதுவான மனிதர். பேச்சையெல்லாம் அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார். அவர்தான் பெண்ணின் சித்தப்பா. பெரிய மீசை, பெரிய குரல். எங்களை உட்கார வைத்ததும், “அண்ணாச்சிக்கு என்ன, ஐப்பசி வெயில்ல மப்ளரு?” என்றார்.

“அவிகளுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. மூணு நாளா ஒரு சொல்லு வரலை” என்றாள் மனைவி.

அந்த வீட்டில் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பெண்ணின் அம்மா உடனே ஒரு பெரிய தம்ளரில் மிளகுப் பால் கொண்டுவந்தார். குடித்து முடித்ததும் சுக்குக் கஷாயம் வந்தது. எனக்கு முன்னால் எல்லோரும் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். தொண்டைக்கு ஆகாது என்று என் தட்டிலிருந்த பஜ்ஜியில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியை டிரைவருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் போனது ஐந்து.

சித்தப்பா என் மகன் பக்கம் திரும்பினார். “மாப்பிள்ளைக்கு நம்ம பிள்ளை நடிச்ச படம் தெரியுமா? பேங்க் வேலைன்னு சாதாரணமா நெனச்சுராதீக. படத்துல ஏழு கொலை! ஒத்தைப் பொம்பளப் பிள்ளை ஏழு பேரை முடிச்சுருக்கா!”

மகன் என்னைப் பார்த்தான். நான் பஜ்ஜியைக் கடித்தேன். படத்தில் ஏழு கொலை கிடையாது.

“ஒரே ஒரு கெழடு மட்டும் அதைப் பத்திக் கண்டபடி பேசிருக்கான் அண்ணாச்சி. செக்குல மாட்டுன மாதிரி கொரலு. அவன் மட்டும் என் கையில சிக்கட்டும். ஏழு கொலை பண்ணின பேயைப் பாத்து, பாமாயிலு வாங்கப் போகுதுங்கான்!”

நான் கஷாயத்தைக் குடித்தேன். மனைவி தன் காலால் என் காலை அழுத்திக்கொண்டிருந்தாள். நான் கிழடு என்பது உண்மை. குரல் செக்கு மாதிரி என்பதும் உண்மை. அதையெல்லாம் என்னால் விழுங்க முடிந்தது.

“தமிழ்நாட்டுலயே இருவத்திரண்டு நிமிசத்துல ஏழு பேரைக் கொன்ன பேய் உண்டுமா? நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ஏழு...”

“ஆறு” என்றேன்.

அடுப்படி வாசலில் காபித் தட்டோடு வந்துகொண்டிருந்த பெண் நின்றாள். பெண் பார்க்கிற வீட்டில் பெண் நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளையைத்தான் பார்ப்பாள். இவள் என்னைப் பார்த்தாள். தட்டைத் தன் அப்பா கையில் கொடுத்துவிட்டு நேராக என் முன்னால் வந்தாள்.

“சார், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

நான் தலையை ஆட்டினேன்.

“‘பாமாயில்’னு சொல்லுங்க சார்.”

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மப்ளரைத் தடவிக்கொண்டு தரையில் பதித்த கற்களை எண்ணினேன். பதினேழு கல்வரை எண்ணியும் அவள் நகரவில்லை.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். “ஏலே, அந்தக் கெழடு நீதானா?” என்றவர், சம்பந்தி வீட்டார் என்பது நினைவுக்கு வந்து, வேட்டியை அவிழ்த்துவிட்டு, “நீங்கதானா?” என்றார்.

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. “கொலை ஆறுதான். ஏழாவது ஆளு கெணத்துல விழுந்தாரு. பேய் தள்ளலை. அந்த நேரத்துல பேய் எடது பக்கத்துல மரத்துக்குப் பின்னால நிக்குது, சேலை முந்தி தெரியுது. அவரு தானா வழுக்கித்தான் விழுந்தாரு” என்றேன்.

“யோவ், கெணத்துல விழுந்தது நான்தான்யா!” என்று சித்தப்பா கத்தினார்.

அப்போதுதான் பார்த்தேன். படத்தில் மீசை இல்லை.

பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் சொன்னாள். “சித்தப்பா நெசமாவே வழுக்கித்தான் விழுந்தாகப்பா. கேமரா ஓடிக்கிட்டு இருந்துச்சு. நல்லா இருக்குன்னு அப்படியே வச்சுக்கிட்டோம்.”

“நீ அதை என்கிட்டச் சொல்லவே இல்லையே, ஏட்டி” என்றார் சித்தப்பா. அவர் உட்கார்ந்த விதம் பாவமாக இருந்தது. தன்னைப் பின்னாலிருந்து தள்ளியது பேய் வேஷத்தில் இருந்த அண்ணன் மகள்தான் என்று நம்பி, இரண்டு மாதமாக ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

பெண்ணின் அப்பா காபித் தட்டோடு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். நிலைமையை எப்படியாவது வழிக்குக் கொண்டுவர நினைத்து, “பிள்ளைக ரெண்டும் தனியா ஒரு வார்த்தை பேசணும்னா மாடியில போயிப் பேசட்டும்” என்றார்.

“நான் அவரோட பேசலைப்பா. அவிய அப்பாகூடப் பேசணும்” என்றாள் பெண்.

பெண்கள் மாப்பிள்ளையோடு பேசணும் என்று கேட்பது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. மாமனாரோடு தனியாகப் பேசணும் என்று கேட்ட பெண்ணை நான் கேள்விப்பட்டதில்லை. எழுந்து போகிறபோது மனைவி என் சட்டையைப் பிடித்து, “எதுவும் சொல்லிறாதீக” என்றாள் மெதுவாக. மகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பதினைந்தாவது இடம் என் வாயால் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாடியில் முந்தின நாள் மழைத் தண்ணீர் அங்கங்கே தேங்கிக் கிடந்தது. அவள் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றுகொண்டாள். முதலில் அந்த நடையைப் பற்றித்தான் கேட்பாள் என்று தயாராக இருந்தேன். அவளே சொன்னாள்.

“அன்னைக்கு காலுல கருவேல முள்ளு. ரெண்டு எடுத்தோம், மூணாவது உள்ளயே நின்னுக்கிருச்சு. அதோட நடந்தேன். சீக்கிரம் அந்தப் பக்கம் போயி ஒக்காந்துறணும்னுதான் அந்த வேகம். நீங்க சொன்னதைக் கேட்டு ஒரு நாளு பூரா அழுதேன்.”

முள் இருந்தால் நொண்டியிருக்க வேண்டும், நொண்டாமல் நடந்திருக்கிறாள், அது உண்மையிலேயே கஷ்டம்தான் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். அவள் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணு தெரியணும். இதுக்கு முந்தி மூணு இடம் வந்துச்சு. ரெண்டு பேரு படம் சூப்பர்ன்னாக. எந்த இடம் பிடிச்சுச்சுன்னு கேட்டா எல்லா இடமும் சூப்பர்ன்னாக. ஒருத்தர் கல்யாணத்துக்கு முன்னால படத்தை எடுத்துரச் சொன்னாரு. நீங்க ரெண்டு மார்க்குன்னு சொன்னீக, அது ஒங்க கருத்து. ஒங்க மகன் என்ன சொல்லுவாரு? அவருக்கும் ரெண்டு மார்க்தானா?”

இந்த மாதிரி இடத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் மகன் உன் படத்தை மிகவும் ரசித்தான் என்று சொல்ல வேண்டும். நான் வாயைத் திறந்தேன். எந்த இடம் பிடித்தது என்று அடுத்ததாகக் கேட்பாள். நான் யோசித்த நேரத்தில் அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“அவன் பாக்கவே இல்லம்மா” என்றேன்.

“ஏன்? ரெண்டு மார்க் படம்னா?”

“பயம்.”

“எதுக்குப் பயம்?”

“பேயின்னா பயம். நான் பேசறதை ஏத்தும்போதுகூட, படத்துல இருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டணும்னா, கண்ணைப் பொத்திக்கிட்டு என்னை எடுக்கச் சொல்லுவான். ராத்திரி தண்ணி குடிக்க எறங்கி வரணும்னா எல்லா லைட்டையும் போட்டுக்கிட்டு வாரான். கரண்டு பில்லு எனக்கு வருது.”

சொல்லி முடித்ததும்தான் எனக்கே உறைத்தது. பெண் கேட்டு வந்த வீட்டில், முப்பத்துநான்கு வயது மகனை இப்படி யாராவது சொல்வார்களா? அவள் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். பிறகு, “அவரை மேல வரச் சொல்லுங்க” என்றாள்.

கீழே வந்தேன். மகனை மேலே அனுப்பினேன். “என்ன சொன்னீங்க?” என்றாள் மனைவி.

“உள்ளதைச் சொன்னேன்.”

“போச்சு” என்றாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புறப்படுவதற்கு அடையாளம் அது.

நாங்கள் காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் நல்லதோ கெட்டதோ தெரிந்து கிளம்பிவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பாவும் கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் இறங்கி வருவார்கள் என்று நினைத்தோம். பத்து நிமிடம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரம் பேசுவதற்கு என் மகனிடம் சொற்கள் கிடையாது. சித்தப்பா ஆறிப்போன கேசரியைத் தின்றுகொண்டிருந்தார். அவருக்காக வருந்தி, விழுந்தது மிகவும் இயல்பாக இருந்தது என்று சொன்னேன். “இயல்பாத்தான இருக்கும், இடுப்பு புடிச்சுக்கிருச்சுல்ல” என்றார்.

அப்போதுதான் மாடியிலிருந்து அந்த அலறல் கேட்டது.

“ஐயோ அம்மா!”

என் மகனின் குரல். தொடர்ந்து ஏதோ உருளுகிற சத்தம். மனைவி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். நாங்கள் எல்லோரும் படியில் முண்டியடித்துக்கொண்டு ஏறினோம். சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்தார்.

தண்ணீர்த் தொட்டியின் மூடி தரையில் கிடந்தது. மகன் தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். சட்டை முழுக்க வேர்வை. முகத்தில் ரத்தமே இல்லை. பெண் மழைத் தண்ணீரில் சேலை நனைவது தெரியாமல் தரையில் உட்கார்ந்து, கையில் செல்போனோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அவனை அந்தப் படத்தைப் பார்க்க வைத்திருக்கிறாள். முழுப் படத்தையும், கண்ணைப் பொத்தாமல். பட்டப்பகல் நாலு மணிக்கு, பேயைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.

“என்னலே, என்ன ஆச்சு?” என்றேன்.

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கத்தினான். “ரெண்டு மார்க் படமாப்பா இது? மாமரத்துக்கு நடுவுல வாரா, பாருங்க... இப்படியா நடப்பாக ஒரு மனுசி? மனுசியே இல்லப்பா அது!”

பெண் சிரிப்பை நிறுத்தினாள். அந்தப் படத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ எனக்குத் தெரியாது. எத்தனை பேர் சூப்பர் என்று எழுதியிருந்தார்களோ தெரியாது. ஆனால் பயந்தவன் ஒருவன்தான் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். அவளுடைய அப்பாவிடம் போய், “எனக்குச் சரிப்பா” என்றாள்.

“ஏட்டி, நல்லா யோசிச்சுக்கோ. அவரு இன்னும் தொட்டிக்குப் பின்னாலதான் நிக்காரு” என்றார் சித்தப்பா.

“நிக்கட்டும். அவர்கிட்டயும் கேளுங்க.”

மகனிடம் கேட்டார்கள். அவன் தொட்டிக்குப் பின்னால் இருந்தபடியே தலையை ஆட்டினான். என் மனைவி அழுதுகொண்டே அவன் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். நான் அந்த நடைக் காட்சியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

கீழே வந்து வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மணி நாலேகால். அடுப்படியில் தேடினார்கள், சாமி அறையில் தேடினார்கள், வீட்டில் ஒரு வெற்றிலைகூட இல்லை. பெண்ணின் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு என் மனைவியிடம், “தப்பா நெனைக்காதீங்க மதினி. இன்னைக்கு முடியும்னு நாங்க நெனைக்கலை. நாலாவது இடமாச்சா, அதான் வாங்கி வைக்கலை” என்றார். என் மனைவி தன் பையைத் திறந்து காட்டினாள். நாங்களும் கொண்டுபோயிருக்கவில்லை.

சித்தப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பைக்கைக் கிளப்பினார். ராகுகாலத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று எல்லோரும் வாசலில் நின்றோம். டிரைவர் காரை முன்னால் நகர்த்தி வழிவிட்டார். பைக் சந்து முனையைத் தாண்டுவதற்குள் பெண்ணின் அப்பா, அதுவரை உரக்கப் பேசாத மனிதர், தெருவில் இறங்கிக் கத்தினார்.

“ஏலே, வெத்தலை மட்டும் வாங்கிட்டு வந்துராத. பாக்கும் இல்லலே!”